உச்சி வெயிலில் வெள்ளைப் பனைகள்: இராமநாதபுரம் கடற்கரையில் அகச்சிவப்புப் புகைப்படம் தொடங்க முழு வழிகாட்டி

தனுஷ்கோடிக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தைத்தான் குறிவைப்பார்கள். அரிச்சல்முனையில் சூரியன் எழும் நேரம். ஒன்பது மணி ஆனதும் கேமரா பைக்குள் போய்விடும், ஆள் மீன் பொரிக்கும் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார். காரணம் இருக்கிறது. அதற்கு மேல் வெயில் வெளுத்து வாங்கும், மணல் கண்ணைக் கூசவைக்கும், வானம் வெளிறிப்போகும். எடுத்த படம் எல்லாம் உயிரில்லாமல் தட்டையாக வரும். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் அகச்சிவப்பு பில்டர் ஒன்றை வாங்கிய பிறகு என் நேரக்கணக்கு மாறிவிட்டது. இப்போது வீட்டிலிருந்து கிளம்புவதே பத்து மணிக்குத்தான். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை, ஊரே நிழல் தேடும் நேரத்தில், எனக்கு வேலை நடக்கிறது. யாரும் படம் எடுக்கத் தகுந்ததாக நினைக்காத சீமைக்கருவேலங்காடு, வெட்டவெளியில் நிற்கும் ஒற்றைப் பனை, கலங்கிய கழிமுகம், எல்லாமே அந்த ஒளியில் வேறொரு ஊராகத் தெரிகின்றன. நம் மாவட்டக் கடற்கரைக்கென்றே அமைந்த கலை இது என்பது என் எண்ணம். உங்களிடம் இருக்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவிலேயே, அதைப் பிரித்து மாற்றாமல், இதைத் தொடங்கலாம். எப்படி என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கேமரா பார்க்கும், நாம் பார்க்காத ஒளி

நம் கண் ஏறக்குறைய 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியைத்தான் பார்க்கும். அதற்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்பதை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். முப்பட்டகத்தில் பிரிந்து விழுந்த வெயிலில் வெப்பமானியை நகர்த்திக்கொண்டே போனவர், சிவப்பைத் தாண்டி நிறமே இல்லாத இடத்தில் சூடு இன்னும் கூடுவதைப் பார்த்தார். 1910-இல் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் அந்த ஒளியில் எடுத்த நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார். இலைகள் வெள்ளையாக வருவதை அவர் பெயரால்தான் வுட் விளைவு என்கிறார்கள். மரக்கட்டைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

இலை ஏன் வெள்ளையாகிறது? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பை விட்டுவிடும். உள்ளே போன அகச்சிவப்பு ஒளி இலையின் செல்களுக்கும் அவற்றுக்கு இடையே இருக்கும் காற்று இடுக்குகளுக்கும் நடுவே பட்டுப் பட்டுச் சிதறி, பெரும்பங்கு வெளியே திரும்பி வந்துவிடும். நீர் இதற்கு நேர் எதிர், அகச்சிவப்பை விழுங்கிக்கொள்ளும். அதனால் கடல் கறுக்கும். தெளிந்த வானம் நீலமாகத் தெரிவது காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால். அகச்சிவப்பு அந்த அளவு சிதறாது என்பதால் வானமும் இருண்டு, மேகம் மட்டும் பஞ்சுப்பொதி போல எழுந்து நிற்கும்.

அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். உடல் சூட்டைக் காட்டும் வெப்பப் படம் வேறு, இது வேறு. அந்தக் கருவிகள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைகளைப் பார்க்கின்றன. நம் கேமராவில் ஒளியைப் படமாக்கும் சிலிக்கான் சென்சார் 1,100 நானோமீட்டரோடு, அதாவது 1.1 மைக்ரோமீட்டரோடு, நின்றுவிடும். நாம் பிடிப்பது வெயில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான்.

முதலில் உங்கள் கேமராவைச் சோதியுங்கள்

அகச்சிவப்பு ஒளி நிறங்களைக் கெடுத்துவிடும் என்பதால், எல்லாத் தயாரிப்பாளர்களும் சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைக்கிறார்கள். அது முழுமையாகத் தடுப்பதில்லை. கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுதான் நமக்கு மூலதனம். எவ்வளவு கசிகிறது என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். 2004-இல் வந்த நிக்கான் டி70 இந்த விஷயத்தில் தாராளமானது. அதில் ஓரிரு வினாடிகளில் முடியும் படத்துக்குப் புதிய கேமராக்கள் சிலவற்றில் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2006-இல் வந்த லைக்கா எம்8-இல் இந்தத் தடுப்பு மிகவும் மெலிதாக இருந்ததால், செயற்கை இழையில் நெய்த கறுப்புத் துணிகள் எல்லாம் ஊதா கலந்த சிவப்பாக விழுந்தன. அந்தக் கேமராவுக்குக் குறையாகச் சொல்லப்பட்டது நமக்கு வரம். வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமரா) தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

சோதனை எளிது. இரவில் அறை விளக்கை அணையுங்கள். டிவி ரிமோட்டின் முனையை லென்ஸுக்கு நேரே பிடித்து, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஒரு வினாடிப் படம் ஒன்று எடுங்கள். முனையில் வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ ஒளிப்புள்ளி பளிச்சென்று விழுந்தால் நல்லது. மங்கலாக விழுந்தால் படம் எடுக்கக் கூடுதல் நேரம் தேவைப்படும், அவ்வளவுதான். ரிமோட் வெளியிடுவது பெரும்பாலும் 940 நானோமீட்டர் பக்கம் இருக்கும் ஒளி. நாம் வாங்கப்போகும் பில்டர் 720-இலிருந்தே ஒளியை விடும். ஆகவே ரிமோட் மங்கலாகத் தெரிந்த கேமராவும் வெயிலில் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும், மனம் தளர வேண்டாம்.

எந்த பில்டர்

கடையில் 590, 665, 720, 850, 950 என்று எண் போட்டு விற்பார்கள். அந்த எண்ணுக்கு அப்பால் உள்ள ஒளியைத்தான் பில்டர் உள்ளே விடும் என்று புரிந்துகொண்டால் போதும். மாற்றப்படாத கேமராவுக்கு 720 ஒன்றுதான் என் பரிந்துரை. ஹோயா ஆர்72 இந்த வகையில் நெடுநாளாகப் பெயர்பெற்றது. 590-உம் 665-உம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியையும் உள்ளே விடும். கேமராவின் தடுப்புக் கண்ணாடி அகச்சிவப்பை நிறுத்திவிட்டு அந்தச் சிவப்பை மட்டும் அனுப்பும், கையில் கிடைப்பது வெறும் சிவப்புப் படம். 850, 950 இரண்டும் இருக்கிற கசிவையும் பெரும்பாலும் அடைத்துவிடும்.

அளவை லென்ஸின் முன்வளையத்தில் பார்த்து வாங்குங்கள். 52, 58, 67 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். பல லென்ஸ் வைத்திருந்தால் பெரியதற்கு ஏற்ற பில்டர் ஒன்று வாங்கி, சிறியவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். மலிவு விலையில் ஒன்று வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். இலை வெள்ளையாகவே வரவில்லை, எல்லாம் கருஞ்சிவப்பு. வந்தவுடன் சோதித்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டுக் குத்துவிளக்குச் சுடரை பில்டர் வழியாகப் பாருங்கள். நல்ல 720 பில்டரில் சுடர் ஆழ்ந்த சிவப்பாக மங்கித் தெரியும். அதே பில்டரில் எல்இடி பல்பு ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும், ஏனென்றால் வீட்டு எல்இடியில் அகச்சிவப்பு மிகக் குறைவு. எல்இடி பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்தால் பில்டர் சரியில்லை.

சூரியனை மட்டும் இந்த பில்டர் வழியாகப் பார்க்கவே கூடாது. கறுப்பாக இருக்கிறதே என்று தைரியம் வரும். அந்தக் கறுப்பில் கண்ணின் பாவை விரியும், கண்ணுக்குத் தெரியாத ஒளி முழுவதும் விழித்திரையில் இறங்கும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் பில்டரைக் கீழே வைக்காதீர்கள், விளையாட்டாக எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

லென்ஸில் வரும் வெள்ளை வட்டம்

படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று விழுந்தால் பயப்பட வேண்டாம். பில்டர் கெட்டுப்போகவில்லை. லென்ஸுக்குள் இருக்கும் பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்யப்பட்டவை. அகச்சிவப்பு உள்ளே பட்டுத் திரும்பி நடுவில் குவிவதால் வருவது அது. எஃப் எண் (லென்ஸின் துளை அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) கூடக்கூட வட்டம் சிறுத்து இன்னும் பளிச்சென்று தெரியும். விலை உயர்ந்த லென்ஸிலும் வரும், கேமராவோடு இலவசமாகக் கிடைத்த 18-55 லென்ஸில் வராமலும் போகலாம். விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு லென்ஸிலும் எஃப் 4, 8, 11, 16 என்று வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்துவிடுங்கள். எது சுத்தமாக வருகிறதோ அதுதான் உங்கள் அகச்சிவப்பு லென்ஸ். எதிர்வெயில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிதறும் என்பதால் லென்ஸ் ஹுட் (லென்ஸ் முன்னால் வெயிலை மறைக்கும் வளையம்) அவசியம் வேண்டும்.

இடத்தில் நின்று எடுக்கும் முறை

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பில்டர் மாட்டிவிட்டால் டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது, கறுப்புத்தான். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் திரையிலும் பெரும்பாலும் மங்கல்தான். ஆகவே கண்ணால் செய்யவேண்டிய வேலை எல்லாவற்றையும் பில்டர் இல்லாமலே முடித்துவிட வேண்டும்.

டிரைபாடை ஊன்றுங்கள். மணலில் கால்களை ஒரு சாண் அழுத்தி இறக்கினால்தான் நிற்கும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், நம் ஊர்க் காற்றில் அது ஆடும். காட்சியை அமையுங்கள், தொடுவானம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ ஃபோகஸ் வைத்து, பிறகு மேனுவலுக்கு மாற்றுங்கள்.

அடுத்து ஒரு சின்னத் திருத்தம். அகச்சிவப்பு ஒளி லென்ஸைத் தாண்டிச் சற்றுப் பின்னால் குவியும். அதனால் ஃபோகஸ் வளையத்தைக் கொஞ்சம் கிட்டப் பொருள் பக்கமாகத் திருப்ப வேண்டும். பழைய லென்ஸ்களில் இதற்கென்றே ஒரு சிவப்புப் புள்ளியோ ஆர் என்ற எழுத்தோ இருக்கும். புது லென்ஸ்களில் பெரும்பாலும் இருக்காது, நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்தது இது: கொஞ்ச தூரத்தில் நிற்கும் பனை ஒன்றைக் குறிவைத்து, ஆட்டோ ஃபோகஸ் நிறுத்திய இடத்தில் வளையத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டேன். பில்டரை மாட்டி, அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் திருப்பி ஒரு படம், இன்னும் ஒரு மில்லிமீட்டர் திருப்பி இன்னொரு படம், இப்படி ஆறு படம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில்தான் பனையின் அடிமட்டை முனைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. அந்த இடத்தில் வீட்டில் இருந்த நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். இன்று வரை அந்தப் புள்ளிதான் எனக்கு வழிகாட்டி.

இவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்றால், லென்ஸை 18 மில்லிமீட்டர் அகலக் கோணத்தில் வைத்து, எஃப் 8-இல், இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் வையுங்கள். சாதாரணக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக இருக்கும், சிறு பிசகும் அதில் மறைந்துவிடும். எஃப் 11-க்கு மேல் போக வேண்டாம். அலைநீளம் கூடும்போது ஒளி துளையின் விளிம்பில் வளைவதும் கூடும், படம் மழுங்கும்.

இப்போது பில்டரை மாட்டுங்கள். திருகும்போது ஃபோகஸ் வளையம் நகராமல் இடது கையால் லென்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைக்கும் துளையைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஷட்டர் வெகுநேரம் திறந்திருக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் உச்சி வெயில் அந்த வழியாக உள்ளே புகுந்து படத்தில் கறை போடும். முதல் நாள் என் படங்கள் எல்லாவற்றிலும் ஊதாப் பட்டை ஒன்று குறுக்கே ஓடியதற்குக் காரணம் அதுதான்.

ஷட்டர் திறந்திருக்க வேண்டிய காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200, எஃப் 8 வைத்து 2 வினாடி எடுத்துப் பாருங்கள். இரைச்சலாக, அதாவது பொடிப் புள்ளிகளாக, இருந்தாலும் வெளிச்சம் சரியா என்பது தெரிந்துவிடும். சரி என்றால் ஐஎஸ்ஓவை 200-க்கு இறக்குங்கள். பதினாறு மடங்கு குறைகிறது, ஆகவே காலம் பதினாறு மடங்கு, 32 வினாடி. இப்படிக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் அரை நிமிடம் வெயிலில் காத்துநிற்க வேண்டாம். என் கேமராவில் நண்பகலில் எஃப் 8, ஐஎஸ்ஓ 400-க்கு 30 வினாடி பக்கம் வருகிறது. உங்களுடையதில் பாதியாகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம். 30 வினாடியைத் தாண்டினால் நாம் விடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையும், கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் ரிமோட் ரிலீஸும் தேவை.

ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் திரையை வைத்துப் பாருங்கள். இங்கே முதலில் நிரம்பி வழிவது சிவப்புதான். மொத்த வெளிச்சக் கோட்டை மட்டும் நம்பினால் இன்னும் இடமிருக்கிறது என்று தோன்றும், வீட்டுக்கு வந்து பார்த்தால் மேகத்தில் ஒரு விவரமும் இருக்காது.

நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு என்ற வசதி கேமராவில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்த அதே நேரம் ஷட்டரை மூடி இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, அதை வைத்துப் புள்ளிகளைக் கழிக்கும். காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்காகும், ஆனாலும் நம் வெயிலில் அது தேவை. கறுப்புக் கேமரா பத்து நிமிடத்தில் தொடமுடியாத அளவு சுட்டுவிடும், சென்சார் சூடேறினால் வெள்ளைப் புள்ளிகள் கூடும். நான் எப்போதும் குடை ஒன்று கொண்டு போகிறேன். அது எனக்கில்லை, கேமராவுக்கு. அரிச்சல்முனைப் பக்கம் மீன் விற்கும் ஓர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ வெயில்ல நின்னுக்கிட்டு பொட்டிக்குக் குடை பிடிக்கிற" என்றார். திரையில் விழுந்திருந்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடலு இம்புட்டுக் கறுப்பா?" என்று கேட்டார். கடைசிவரை நம்பவில்லை.

வெள்ளைச் சமநிலைக்கு அடம்பங்கொடி

எதுவும் செய்யாமல் எடுத்தால் படம் முழுவதும் ரத்தச் சிவப்பாக இருக்கும். அது பிழையில்லை, தொடக்கம் அப்படித்தான். கேமராவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் என்ற வசதி இருக்கும். பில்டரை மாட்டிய நிலையில், வெயில் நேராக விழும் பச்சை இலைகள் படச்சட்டம் முழுவதும் நிறையும்படி ஒரு படம் எடுத்து, அதையே வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மற்ற ஊரில் இதற்குப் புல்வெளி என்பார்கள். தனுஷ்கோடி மணலில் புல்வெளிக்கு எங்கே போவது? அங்கே அடம்பங்கொடி இருக்கிறது. சங்கப் பாட்டுகளில் நெய்தல் நிலத்தோடு சேர்ந்தே வரும் அந்த அடும்புதான். ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த தடித்த இலைகள், மணல்மேட்டில் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். குனிந்து ஒரு முழ உயரத்திலிருந்து எடுத்தால் சட்டம் நிறைந்துவிடும். சீமைக்கருவேலத்தின் பொடி இலைகளுக்கு இடையே மண்ணும் நிழலும் தெரியும், அதனால் அளவு பிசகும். அடம்பில் அந்தத் தொல்லை இல்லை.

அதே அடம்பை முன்னணியில் வைத்துக் காட்சி அமைக்க நினைத்தால் கவனம் வேண்டும். காய்ந்த மணலும் அகச்சிவப்பில் வெள்ளை, இலையும் வெள்ளை. இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து படம் வெறிச்சென்று போகும். மழை பெய்து விட்ட மறுநாள் போங்கள். நனைந்த மணல் கறுத்திருக்கும், அதன் மேல் வெள்ளிக்கொடி ஓடியதுபோல அடம்பு தெரியும். நான் எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்த படம் அப்படி ஒரு ஐப்பசி மாத நண்பகலில் கிடைத்தது.

படத்தை எப்போதும் ரா கோப்பாகவே, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாகவே, சேமியுங்கள். ஜேபெக்கில் இந்த அளவு நிறத் திருத்தம் தாங்காது.

எங்கே, எப்போது

மேகம் வேண்டும், வெயிலும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களும், மழை முடிந்த தை மாதமும்தான் நமக்குப் பொற்காலம். இலை கழுவிவிட்டதுபோல இருக்கும், மேகம் திரண்டு நிற்கும். கோடையில் மேகமில்லாத வானம் வெறும் கறுப்புச் சுவர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை அள்ளி வீசும், அந்த மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கம் லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

திசையும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் பார்த்து எடுத்தால் வானம் நன்றாக இருளும். மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்பினால் எதிர்வெயில், வானம் வெளுத்துவிடும். சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடுவதால் திசைக்கு அவ்வளவு வேலை இல்லை.

நம் மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் அலையடங்கிக் கிடக்கும். 30 வினாடிப் படத்தில் அது மெழுகிய கறுப்புத் தரை போல விழும். ஆண்கடலில் கரையில் உடையும் நுரை, அரை நிமிடத்தில் புகையாகிப் பரவும். ஆழமும் படத்தில் பேசும். கணுக்கால் அளவு நீரில் அடிமணல் வெளிறித் தெரியும், இடுப்பளவுக்குப் போனதும் கறுப்பு இறங்கிவிடும். ஆழம் குறைந்த பெண்கடல் ஓரத்தில் இந்த மாற்றம் ஒரே படத்தில் படிப்படியாக விழுவதைப் பார்க்கலாம்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களை எல்லோரும் எடுப்பார்கள். இருண்ட வானத்துக்கு எதிரே அந்தச் சுவர்கள் வெளிறி எழுவது உண்மையிலேயே மனதைப் பிசையும். ஆனால் ஆட்கள் எப்போதும் நடமாடும் இடம் அது. காலத்தை இரண்டு நிமிடத்துக்கு நீட்டுங்கள், நடந்து போகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். ஒரே இடத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் மட்டும் மங்கிய உருவமாகத் தெரிவார்கள். மாலையில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற கவலை மற்றவர்களுக்கு, நம் வேலை மூன்று மணிக்கே முடிந்துவிடும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் டிரைபாட் போட நினைக்காதீர்கள். வண்டி நிறுத்துவதே தவறு, அதோடு பேருந்து ஒன்று போனாலே பாலம் அதிரும், 30 வினாடிப் படம் நிச்சயம் கலங்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலத்தைப் பாம்பன் ஊர்க் கரையில் இறங்கி, தென்னைகளை முன்னால் வைத்து எடுங்கள். வெள்ளைத் தென்னை, கறுப்புக் கடல், நடுவே இரும்பு. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. அங்கிருந்து அரியமான் கடற்கரைக்குப் போய்விடுங்கள். சவுக்குத்தோப்புக்குள் நின்று கடலைப் பார்த்தால், மேலே பனி பெய்ததுபோல ஊசியிலைகள், கீழே கறுத்த நிழல்கள்.

பனைக்குச் சாயல்குடிப் பக்கம்தான் என் தேர்வு. பனையில் ஒரு வசதி உண்டு. தென்னங்கீற்று சிறு காற்றுக்கே ஆடி அரை நிமிடத்தில் பஞ்சாகிவிடும். பனை ஓலை விறைப்பானது. காற்று ஓயும் நேரம் பார்த்து எடுத்தால் விரல் விரித்ததுபோல ஒவ்வொரு மடிப்பும் நிற்கும். முற்றிக் காய்ந்து தொங்கும் ஓலையும் ஓரளவு வெளிச்சமாகவே வரும், ஆகவே காவோலை தொங்கும் மரத்தை ஒதுக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஓர் இடம் சொல் என்றால் தொண்டிக்கு அருகே காரங்காட்டைச் சொல்வேன். அலையாத்திக் காடு, அசையாத நீர். நீருக்கு உள்ளிருந்து ஒளி எதுவும் திரும்பி வருவதில்லை என்பதால், மேற்பரப்பில் விழும் வெள்ளை மரங்களின் பிம்பம் கறுப்புக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்பழுக்கில்லாமல் தெரியும். படகுச் சவாரி உண்டு, போய்ப் பாருங்கள், ஆனால் படகில் டிரைபாட் பயன்படாது. காட்சியைப் படகில் இருந்து கண்ணால் தேர்ந்துகொண்டு, திரும்பி வந்து கரையில் நின்று எடுங்கள். கடல் எல்லாம் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில் போனால் பிம்பம் கிடைக்காது, ஆகவே ஓதம் ஏறும் நேரத்தைப் படகுக்காரர்களிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் பத்துப் படங்களையாவது கறுப்பு வெள்ளையில் முடியுங்கள் என்பது என் வேண்டுகோள். நிறத்தை மாற்றி விளையாடுவதற்கு முன் ஒளியைப் பார்க்கப் பழக வேண்டும். ரா கோப்பைத் திறந்து, நிறத்தை நீக்கி, கறுப்பையும் வெள்ளையையும் சற்று விலக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு தொல்லை வரும். படத்தைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் வெள்ளைச் சமநிலை அளவுகோல் 2,000 கெல்வினோடு நின்றுவிடும், அகச்சிவப்புக்கு அது போதாது. நீங்கள் அடம்பில் வைத்த சமநிலையைக் காணோமே என்று தேடுவீர்கள். அடோபியின் இலவச டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவுக்குத் தனிப் புரொஃபைல் (நிறத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லும் கோப்பு) ஒன்று செய்து போட்டால் தீரும். இல்லையென்றால் கேமரா தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் திறங்கள், அது கஸ்டம் சமநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்கள், இரண்டும் இந்த வேலைக்குத் தாராளம்.

நிறத்தில் வேண்டுமென்றால் கிம்ப் என்ற இலவச மென்பொருளில், நிறங்களைக் கலக்கும் சேனல் மிக்சரைத் திறங்கள். சிவப்புச் சேனலில் சிவப்பைப் பூஜ்யமாக்கி நீலத்தை 1 ஆக்குங்கள். நீலச் சேனலில் நீலத்தைப் பூஜ்யமாக்கி சிவப்பை 1 ஆக்குங்கள். செம்பழுப்பாக இருந்த வானம் நீலமாகும், இலை வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ நிற்கும். மாற்றப்படாத கேமராவில் நிறம் மெலிதாகத்தான் கிடைக்கும். அதை இழுத்து இழுத்து அடர்த்தியாக்கினால் இரைச்சல்தான் கூடும்.

உப்பும் மணலும்

கடற்காற்றில் ஒரு மணிநேரம் நின்றால் பில்டரின் மேல் உப்புப் படலம் படிந்துவிடும். காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது, உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் புளோயரால் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில் காய்ந்த துணி. ஒருமுறை மணல் ஒன்று திருகுமரையில் மாட்டி, பில்டர் லென்ஸோடு இறுகிவிட்டது. கையால் எவ்வளவு திருகியும் வரவில்லை. கடைசியில் அகன்ற ரப்பர் பேண்டை விளிம்பில் சுற்றிப் பிடித்துத் திருகியதும் வந்தது. அன்றிலிருந்து மாட்டும் முன் மரையை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிடுகிறேன், பையில் ரப்பர் பேண்டும் இருக்கிறது. டிரைபாடின் கால்களை அன்று இரவே இழுத்து விரித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பூட்டுகளில் உப்புப் பூத்து இறுகிவிடும்.

கொஞ்ச நாள் கழித்து, காத்திருப்பு போதும், கேமராவையே மாற்றிவிடலாமா என்ற கேள்வி வரும். சென்சார் முன்னால் இருக்கும் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டால் கையில் பிடித்தே எடுக்கலாம். ஆடும் தென்னை நிற்கும், கரைவலை இழுப்பவர்களின் முகமும் கிடைக்கும். ஆனால் அந்தக் கேமரா மீண்டும் சாதாரணப் படத்துக்கு எளிதில் திரும்பாது. ஆகவே பயன்படாமல் கிடக்கும் இரண்டாவது கேமரா ஒன்று இருந்தால், ஒரு மழைக்காலம் முழுவதும் பில்டரோடு அலைந்து பார்த்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், அப்போது செய்யுங்கள். அதுவரை ஒவ்வொரு படத்துக்கும் இடம், மணி, எஃப் எண், ஐஎஸ்ஓ, வினாடி, மேகம், காற்றின் திசை ஆகியவற்றைச் சின்ன நோட்டு ஒன்றில் எழுதிவாருங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காரங்காடு, 12.10, எஃப் 8, 400, 30 வினாடி, காற்று இல்லை, ஓதம் பாதி. ஃபோகஸ் புள்ளிக்குத் திருப்ப மறந்துவிட்டேன். நாளை மறுபடி."